உப்பளக் கரையும் ஒன்பது காரட் தங்கமும்

புதுவையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே சென்னை செல்வோர் மரக்காணத்தை அணுகும்போது, சாலையோரத்தில் வெண்மையாகக் குவிந்து கிடக்கும் உப்பு அம்பாரங்களைக் காணாதிருக்க முடியாது. தை மாதத்தில் மழைநீர் வடிந்தபின் பாத்தி மிதித்துச் சமன்செய்து, கோடை முழுவதும் உப்பு வாரி, ஐப்பசி மழை தொடங்கியதும் வேலையை நிறுத்திவிடுவது இக்கரையின் ஆண்டு முறை. மழை பெய்யும் அந்த மூன்று மாதங்களும் அளத்தொழிலாளர் குடும்பங்களுக்குக் கூலி இல்லாத மாதங்கள். மழைக்கால உதவியாகக் குடும்பம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் வழங்கத் தமிழக அரசு முன்வந்துள்ளது. அது போற்றத்தக்கதே. எனினும் மூன்று மாத அடுப்பை அத்தொகை மட்டுமே எரிய வைத்துவிடாது. எஞ்சியதை எரிய வைப்பது பெரும்பாலும் இல்லத்தரசியின் காதிலும் கழுத்திலும் உள்ள பொன். ஐப்பசியில் அடகு, பங்குனி, சித்திரையில் மீட்பு.

ஆதலின், நகைச் சந்தையில் இன்று தோன்றிவரும் மாற்றங்களை நகரத்துச் சீமாட்டியரின் அலங்காரச் செய்தி என்று நாம் ஒதுக்கிவிடுவதற்கில்லை. கடைக்காரர் நகையை அழகால் அளக்கிறார். நம் குடும்பங்களோ அதை நெருக்கடி நாளில் கிடைக்கும் பணத்தாலும் அளக்க வேண்டியவர்கள். இவ்விரண்டு அளவுகோல்களும் முன்னெப்போதையும்விட இப்போது வெகுதூரம் விலகி நிற்கின்றன.

விலையை முதலிற் பார்ப்போம். 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னையில் ஒரு சவரன், அஃதாவது எட்டுக் கிராம் 22 காரட் ஆபரணத் தங்கம், ஏறத்தாழ 30 ஆயிரம் ரூபாய்க்கு விற்றது. 2025 ஜனவரியில் அது 57 ஆயிரத்தை எட்டியது. அவ்வாண்டு டிசம்பரிலேயே ஓர் இலட்சத்தைக் கடந்துவிட்டது. உலக நாடுகளின் மத்திய வங்கிகள் பொன்னை வாங்கிக் குவித்ததும், போர்களும் வணிகப் பூசல்களும் முதலீட்டாளரைப் பொன்னை நோக்கித் துரத்தியதும், டாலருக்கு எதிரே ரூபாயின் மதிப்பு இறங்கியதும் இதற்குக் காரணங்கள். 2024 ஜூலையில் நடுவணரசு இறக்குமதித் தீர்வையை 15 விழுக்காட்டிலிருந்து 6 ஆகக் குறைத்தது. விலை சற்றே இறங்கியது. பின்னர் முன்னிலும் வேகமாக ஏறியது.

உலகப் பொன் மன்றத்தின் கணக்குப்படி 2024இல் இந்தியர் வாங்கிய நகைத் தங்கம் ஏறத்தாழ 563 டன். 2025இல் அந்த எடை வெகுவாகக் குறைந்தது. செலவிட்ட பணம் மட்டும் குறையவில்லை. கூடுதலாகப் பணம் கொடுத்துக் குறைவான பொன்னை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறோம் என்பதே இதன் பொருள். பத்துக் கிராம் சங்கிலி வாங்கியவர் நான்கு கிராமோடு நிற்கிறார். மெல்லிய கம்பியிற் பின்னிய சங்கிலிகளும், உள்ளே கூடான வளையல்களும், பழைய நகையைக் கொடுத்துப் புதியது மாற்றிக்கொள்ளும் வழக்கமும் பெருகியதற்குக் காரணம் இதுதான்.

அடுத்தபடியாக வந்திருப்பது காரட் குறைப்பு. 22 காரட் நகையில் ஆயிரத்தில் 916 பங்கு பொன். 18 காரட்டில் 750. 14 காரட்டில் 585. 2025 ஜூலையில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஒன்பது காரட்டையும் முத்திரைக்குரிய தரமாக ஏற்றுக்கொண்டது. அதில் ஆயிரத்துக்கு 375 பங்கே பொன். மிச்சம் செம்பு, வெள்ளி முதலிய பிற உலோகங்கள். சவரன் ஓர் இலட்சம் விற்கும்போது, எட்டுக் கிராம் ஒன்பது காரட் நகையில் அடங்கிய பொன்னின் மதிப்பு 41 ஆயிரத்தைத் தாண்டாது. இளைஞர்க்கு ஏற்ற விலை, நாகரிகமான வடிவம் என்று விளம்பரங்கள் இதனைப் புகழத் தொடங்கியுள்ளன.

மூத்த வாசகர்க்கு இங்கே ஒரு பழைய நினைவு எழக்கூடும். 1963 ஜனவரியில், மொரார்ஜி தேசாய் நிதியமைச்சராக இருந்தபோது, தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்தன. பதினான்கு காரட்டுக்கு மேற்பட்ட புதிய நகையே செய்யலாகாது என்றது அரசு. பொற்கொல்லர் குடும்பங்கள் பிழைப்பிழந்து தெருவில் நின்றன. உயிரை மாய்த்துக்கொண்டோரும் உண்டு. மக்களோ பதினான்கு காரட்டை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. 1966இல் அரசே அவ்விதியைத் தளர்த்திற்று. 1968இன் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டமும் 1990இல் நீக்கப்பட்டது. சட்டத்தின் அதிகாரத்தால் அன்று நுழைய முடியாத குறைந்த காரட், விலையின் அதிகாரத்தால் இன்று நம் வாசற்படியில் வந்து நிற்கிறது. இம்முறை அதனை விரட்ட எந்தப் போராட்டமும் நடவாது என்றே எண்ணுகிறேன்.

குறைந்த காரட் இழிவானதன்று. மேலைநாட்டார் பலர் காலங்காலமாக அதையே அணிகின்றனர். பிற உலோகம் சேர்வதால் நகை உறுதியாகவும் இருக்கும். ஆயினும் உப்பளக் கரைக்கு ஒரு தனிக் கவலை உண்டு. பொன்னை உப்பு தீண்டாது. ஆனால் பொன்னோடு சேர்ந்த செம்பையும் வெள்ளியையும் தீண்டும். பொன் பாதிக்கும் குறைவாக உள்ள நகை உப்புக் காற்றிலும் வியர்வையிலும் மங்கிக் கறுக்கும். நாள் முழுதும் முழங்கால் வரை உப்புநீரில் நின்று வாருபலகை இழுக்கும் ஒரு பெண்ணுக்கும், குளிரூட்டிய அறையில் அமர்ந்து கணக்கெழுதும் பெண்ணுக்கும் ஒரே நகை ஒரே விதமாக உழைக்காது. விளம்பரம் எழுதுவோர் இதை அறியமாட்டார்.

அடகுக் கணக்கு இன்னும் முக்கியமானது. இந்திய ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்டு, 2026 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து கட்டாயமாக்கிய நெறிமுறைகளின்படி, இரண்டரை இலட்சம் ரூபாய் வரையிலான நகைக்கடனுக்கு நகையின் மதிப்பில் 85 விழுக்காடு வரை கொடுக்கலாம். 22 காரட்டுக்குக் குறைந்த நகையானால், அதிலுள்ள பொன்னை 22 காரட் எடையாக மாற்றியே மதிப்பிட வேண்டும். கல்லுக்கு மதிப்பில்லை. எனவே சவரன் இலட்சம் விற்கும் நாளில், எட்டுக் கிராம் 22 காரட் நகைக்கு 85 ஆயிரம் வரை கிடைக்கக்கூடும். அதே எடை ஒன்பது காரட்டுக்கு 35 ஆயிரம் கிடைப்பதே அரிது. அதையும் எல்லாக் கிளைகளும் வாங்கிக்கொள்ளுமா என்று வாங்கும் முன்னரே கேட்டறிதல் நன்று. அதே நெறிமுறைகளில் ஏழைகளுக்கு ஆறுதலான விதி ஒன்றும் உண்டு. கடன் முழுதும் தீர்ந்தபின் அன்றே, மிஞ்சிப்போனால் ஏழு வேலைநாட்களுக்குள், நகையைத் திருப்பித் தந்தாக வேண்டும். தம் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும்.

ஆய்வுக்கூட வைரத்தைப் பற்றியும் ஒரு சொல். மண்ணுக்கடியில் கோடிக்கணக்கான ஆண்டுகளில் உருவாவதைச் சில வாரங்களில் இயந்திரத்தில் விளைவிக்கிறார்கள். இரண்டும் தூய கரியே. வெறுங் கண்ணால் வேறுபாடு காண இயலாது. சூரத்தில் இது பெருந்தொழிலாக வளர்ந்துவிட்டது, சென்னை ஐ.ஐ.டி.யில் இதற்கென ஆராய்ச்சி மையம் அமைக்க நடுவணரசு 2023இல் நிதி ஒதுக்கியது. இயந்திரங்கள் பெருகப் பெருக இதன் விலை ஆண்டுதோறும் சரிந்து வருகிறது. அழகுக்காக அணிவோர் அணியட்டும். சேமிப்பு என்று எண்ணி எவரும் வாங்க வேண்டா. அந்த வகையில் சிதம்பரத்துக் கவரிங் நகை நேர்மையானது. தான் பொன் என்று அது எவரையும் ஏமாற்றுவதில்லை. திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் கவரிங்கை அணிந்து, உள்ள சிறு பொன்னைப் பெட்டியில் வைக்கும் குடும்பங்கள் கூடிவருகின்றன. இதில் வெட்கப்பட ஏதுமில்லை. பெண் வீட்டாரிடம் இத்தனை சவரன் என்று பேரம் பேசிவிட்டுப் பீடத்தின்முன் வந்து நிற்பதே வெட்கத்துக்குரியது. 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டத்தின்படி அது குற்றமுங்கூட.

இனி வாங்கப்போகிறவர்க்குச் சில குறிப்புகள். 2023 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து, முத்திரை கட்டாயமான மாவட்டங்களில், ஆறு எழுத்தெண் கொண்ட தனி அடையாளக் குறி இல்லாமல் நகை விற்கலாகாது. தர அமைவனத்தின் சின்னம், 22கே916 என்பது போன்ற தரக்குறி, இந்த ஆறெழுத்துக் குறி ஆகிய மூன்றையும் உருப்பெருக்கியில் காட்டச் சொல்லுங்கள். அமைவனத்தின் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் அக்குறியை இட்டால் நகையின் வகையும் தரமும் தெரியவரும். இரண்டு கிராமுக்குக் குறைந்த நகைக்கு இவ்விதி இல்லை. சிலுவையோ புறாவோ பொறித்த நம் வழக்கத்துச் சிறு தாலியும், குண்டும், மூக்குத்தியும் பெரும்பாலும் இந்த விலக்கிலேயே அடங்கிவிடும். அவற்றை நம்பிக்கையான கடையில் ரசீதோடு வாங்குவதே காப்பு.

சேதாரம் என்பது சேமிப்பைத் தின்னும் செல். இரண்டு சவரன் சங்கிலியை இலட்ச ரூபாய் விலையில் வாங்கினால் பொன்னுக்கு 2,00,000. சேதாரம் 12 விழுக்காடென்றால் 24,000. இரண்டுக்கும் சேர்த்து 3 விழுக்காடு வரி 6,720. ஆக 2,30,720 ரூபாய். மறுநாளே விற்றாலும் பொன்னின் விலைதான் கிடைக்கும். அதிலும் கடைக்காரர் கழிக்காமல் விடார். வேலைப்பாடு நுணுக்கமாகும் அளவுக்குச் சேதாரமும் ஏறும். மழைக்காலத்துக்கென்று சேர்ப்பவர் வெறும் வளையலாகவோ எளிய சங்கிலியாகவோ வாங்குவது இலாபம். தங்கக் கட்டியும் பிஸ்கட்டும் வேண்டா. ரிசர்வ் வங்கி விதிப்படி அவற்றின்மேல் கடன் கிடையாது.

நகைச் சீட்டில் மாதந்தோறும் பணம் கட்டுவோர், அது வங்கிச் சேமிப்பைப்போல் காப்புறுதி உடையதன்று என்பதை மறவாதீர். கடை மூடிவிட்டால் அட்டை மட்டுமே கையில் இருக்கும். மாதம் ஆயிரம் ரூபாயை வங்கித் தொடர்வைப்பில் கட்டி, ஆண்டிறுதியில் ரொக்கமாக எடுத்துச் சென்றால், திண்டிவனத்திலும் புதுவையிலும் நான்கு கடைகள் ஏறி இறங்கிச் சேதாரத்தைப் பேசிக் குறைக்கும் உரிமை உங்களிடமே இருக்கும்.

பாட்டி காலத்து முத்திரையில்லாத நகை வைத்திருப்போர் அதை விற்குமுன், அரசு ஏற்பு பெற்ற முத்திரை மையத்தில் கொடுத்துத் தரத்தைச் சோதித்துக்கொள்ளலாம். கட்டணம் மிகச் சிறிது. சோதனைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறவரிடம் எடைக்கு இத்தனை கழிவு என்று எந்தக் கடையும் எளிதில் சொல்லிவிடாது.