காரு பறக்காதுன்னு தெரியும்: சினிமாவும் மருட்கையும்

படம் பிடித்திருந்தது என்பது வேறு, படத்தைப் பார்த்துப் பிரமித்துப்போனேன் என்பது வேறு. முன்னதில் பார்வையாளர் தன் ருசியைச் சொல்கிறார். பின்னதில் தனக்கு ஏதோ நேர்ந்துவிட்டது என்கிறார். ‘மிரட்டிட்டான்யா’, ‘புல்லரிச்சுப் போச்சு’, ‘தூக்கி அடிச்சிட்டான்’ என்று தியேட்டர் வாசலில் காதில் விழும் பேச்சிலெல்லாம் பேசுகிறவர் செயப்படுபொருளாகவே நிற்கிறார். நம் சிறுபத்திரிகை விமர்சனம் இந்தப் பேச்சைப் பெரும்பாலும் காதில் போட்டுக்கொண்டதில்லை. போட்டுக்கொண்டபோதும் ஒரு நோயின் அறிகுறியாகத்தான் அதைக் கேட்டது. வெகுஜன சினிமா போதை, பார்வையாளர் போதையில் கிடப்பவர், விஷயம் தீர்ந்தது.

அவ்வளவு லேசில் தீராது என்றுதான் எனக்குப் படுகிறது.

தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் வியப்புக்கு ‘மருட்கை’ என்று பெயர். அது பிறக்கும் இடங்கள் நான்கு என்று சூத்திரம் கணக்குச் சொல்கிறது: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். முன்பு காணாதது, அளவில் மிகப் பெரியது, அளவில் மிகச் சிறியது ஆகிய மூன்றும் எளிதில் விளங்கும். நாலாவதுதான் சுவாரசியமானது. ஒன்று வேறொன்றாக மாறுவதை ஆக்கம் என்று கொள்ளலாம். இந்த நான்கின் முன்னால் அறிவு நிறைவு கொள்ளாமல் நிற்கிறது என்றும் சூத்திரம் சொல்கிறது. நிறைவு கொள்ளவில்லை என்றுதான் சொல்கிறது, அறிவே அங்கே இல்லை என்று சொல்லவில்லை. இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் போய்ப் பார்க்கலாம்.

நான் இருப்பது மறைமலைநகரில். தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய மறைமலை அடிகளின் பெயர் தாங்கிய ஊர். இங்கே ஷிப்ட் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களிடையே ‘மாஸ்’, ‘பிஜிஎம்’, ‘இன்டர்வெல் பிளாக்’ இல்லாமல் சினிமாப் பேச்சு கிடையாது, அடிகள் பொறுத்துக்கொள்ளட்டும். கார் ஆலையில் கதவு பொருத்தும் வரிசையில் பல வருஷம் வேலை பார்த்த ஒருவரிடம், ஒரு படத்தில் கார்கள் அந்தரத்தில் பறந்ததைப் பற்றிக் கொஞ்சம் கிண்டலாகவே கேட்டேன். அவர் சிரித்தார். “காரு பறக்காதுன்னு எனக்குத் தெரியாதா சார்? ஒரு கதவு என்னா வெயிட்டுன்னு கை சொல்லும். ஆனா அதுக்கு முன்னாடி அரை மணி நேரமா அவனப் போட்டு அடிச்சாங்கல்ல? அந்தக் கோவத்துல அந்தக் காரத் தூக்குனது நாந்தான் சார்.”

கோட்பாட்டு நூல்கள் பக்கம் பக்கமாகச் சொல்வதை இவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார். அவருக்குத் தெரியாத எதையும் படம் அவரிடம் மறைத்து ஏமாற்றவில்லை. தெரிந்தே, அந்த அரை மணி நேரமும் தன் கோபத்தைச் சேமித்துப் படத்துக்கு முதலாகப் போட்டிருக்கிறார். பிரமிப்பு என்பது அந்த முதலுக்கு வந்த வட்டி.

‘பாட்ஷா’ (1995) இதற்கு நல்ல பாடம். சுரேஷ் கிருஷ்ணா இயக்கிய இந்தப் படத்தில் ஆட்டோக்காரர் மாணிக்கம் கம்பத்தில் கட்டிவைத்து அடிக்கப்படுகிறார், வாங்கிக்கொள்கிறார். ரஜினிகாந்த் அடி வாங்கினால் திருப்பி அடிப்பார் என்பது கொட்டகையில் எல்லோருக்கும் தெரியும், மாணிக்கத்தின் குடும்பத்துக்குத்தான் தெரியாது. படம் இந்த இடைவெளியை வளர்த்துக்கொண்டே போகிறது. தங்கையின் கல்லூரிச் சீட்டுக்காகப் பேசும் காட்சியை நினைத்துப் பாருங்கள். மாணிக்கம் தான் யார் என்று சொல்லும் கட்டம் வந்ததும் நாம் தங்கையோடு கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிறுத்தப்படுகிறோம். பேச்சு கேட்பதில்லை. எதிரே அதிகாரத்தோடு இருந்தவரின் தோரணை மாறுவது மட்டும் தெரிகிறது. அந்த வசனத்தை எழுதியது யார்? கொட்டகையில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவரும் தங்களுக்குத் தெரிந்த மட்டில் எழுதிக்கொண்டார்கள். அதில் காசு கொட்டிய பிரமாண்டம் எதுவும் கிடையாது, ஒரு அறை, ஒரு கண்ணாடி, அவ்வளவுதான். ஆட்டோக்காரர் வேறொருவராக ஆகிற ஆக்கம் அங்கே நடக்கிறது.

சரி, பெருமைக்கு மரியாதையே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. ஜெமினி வாசன் 1948இல் ‘சந்திரலேகா’வை எடுத்தபோது செலவு முப்பது லட்சம் என்ற பேச்சே படத்துக்கு முன்னால் ஓடிய பராக்காக இருந்தது. முரசு நடனத்தை இன்றைக்கும் எல்லோரும் அதன் அளவுக்காகத்தான் சொல்வார்கள். ஆனால் அந்த நடனம் எப்படி முடிகிறது? முரசுகளுக்குள் ஒளிந்திருந்த வீரர்கள் வெளியே பாய்கிறார்கள். மேடை சட்டென்று போர்க்களமாகிவிடுகிறது. அவ்வளவு பெரிய முரசு ஏன் என்ற கேள்விக்கு அப்போதுதான் பதில் கிடைக்கிறது. பெருமை, ஆக்கத்துக்கு வேலை செய்கிறது. வாசனைப் பின்பற்றுவதாகச் சொல்லிக்கொண்ட பலர் முரசைப் பெரிதாக்கினார்கள், உள்ளே ஆள் வைக்க மறந்தார்கள். ‘2.0’ (2018) வந்தபோது 500 கோடி என்ற எண்ணைத்தான் எங்கும் கேட்டேன். படம் முடிந்து வந்தவர்களும் அதே எண்ணைத்தான் சொன்னார்கள். படத்துக்குள் போவதற்கு முன்பே தெரிந்ததை வெளியே வந்து திரும்பச் சொல்வதைப் பிரமிப்பு என்று எப்படி எடுத்துக்கொள்வது?

சிறுமையைப் பற்றி யோசிக்க மாமல்லபுரத்துக்குப் போக வேண்டும். செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் இருக்கிறது. அர்ச்சுனன் தபசு என்றும் கங்கை இறங்குவது என்றும் இரண்டு விதமாகச் சொல்லப்படும் அந்தப் பாறைச் சிற்பம் தொண்ணூறு அடிக்குக் குறையாத நீளம். முதலில் யானைகள்தான் நம்மை நிறுத்துகின்றன. மேலே ஒரு முனிவர் ஒற்றைக் காலில் நின்று கைகளை உயர்த்தித் தவம் செய்கிறார். யானையின் தந்தத்துக்குப் பக்கத்தில் ஒரு பூனையும் அதேபோலக் கையைத் தூக்கி நிற்கிறது, சுற்றிலும் எலிகள். பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டும்போது கவனித்திருக்கிறேன். யானையைப் பார்த்து ‘அப்பாடி’ என்பவர்கள் பூனையைக் கண்டுபிடித்ததும் அடுத்தவன் தோளைத் தட்டி ‘அங்க பாரு’ என்கிறார்கள். யானையை யாரும் காட்டத் தேவையில்லை. பூனையைத் தானே கண்டுபிடித்ததாக ஒவ்வொரு பிள்ளையும் நினைக்கிறது. பிறகு முனிவரைத் திரும்பப் பார்த்தால் அந்தத் தவத்தின் அர்த்தமே கொஞ்சம் ஆடிப்போகிறது. ‘காக்கா முட்டை’யில் (2015) ஒரு பீட்சா செய்ததும் இதே வேலைதான். இரண்டு பையன்கள் ஒரு துண்டு பண்டத்துக்காகப் படும் பாட்டில் ஒரு நகரத்தின் அமைப்பே தெரிந்துவிடுகிறது.

இதில் ஆபத்து இல்லாமலும் இல்லை. ரஷ்யப் புரட்சியை ஒட்டிய ஆண்டுகளில் லெவ் குலெஷோவ் செய்த சோதனை பிரசித்தம். ஒரு நடிகரின் எந்த உணர்ச்சியும் காட்டாத முகத்தை ஒரு தட்டு சூப்போடும், சவப்பெட்டியோடும், விளையாடும் குழந்தையோடும் மாற்றி மாற்றி ஒட்டிக் காட்டினார். பார்த்தவர்கள் பசியையும் துக்கத்தையும் வாஞ்சையையும் அந்த முகத்தில் கண்டு நடிப்பைப் புகழ்ந்தார்கள் என்று புடோவ்கின் எழுதுகிறார். உணர்ச்சி பார்த்தவர்களுடையது, பேர் நடிகருக்கு. எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் எழுதிய, பின்னால் ‘பிம்பச் சிறை’ என்று தமிழில் வந்த நூல், எம்.ஜி.ஆர். என்ற பிம்பத்தின் அரசியலை விரிவாக ஆராய்ந்தது. அதன் முடிவுகளில் பலவற்றை நான் ஏற்கிறேன். ஆனால் சிறைப்பட்டவர்கள் வெறுமனே ஏமாந்தவர்கள் என்று அந்நூலைப் படித்துக்கொண்டவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. ரிக்‌ஷாக்காரராக எம்.ஜி.ஆர். நின்றபோது நிஜ ரிக்‌ஷாக்காரர் தன் வாழ்க்கையின் வெயிலை அந்த முகத்தில் ஏற்றினார். ஆக்கத்தில் பாதி அவருடைய உழைப்பு. தகராறு அதற்குப் பிறகு வருகிறது. அந்த உழைப்பு யார் கணக்கில் வரவு வைக்கப்பட்டது, 1977இல் அது எதுவாக மாற்றி எடுக்கப்பட்டது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. காரைத் தூக்கியது நான்தான் என்று சொல்லத் தெரிந்தவரைப் பார்த்து ‘உனக்கு ஒன்றும் தெரியாது’ என்கிற விமர்சனம், அவருடைய பங்கை இன்னொரு தரம் பறிக்கிறது.

ஏன் பெருமையே இன்று எல்லா இடத்தையும் அடைத்துக்கொண்டிருக்கிறது என்பதற்குக் கலைக் காரணம் தேடுவது வீண். சினிமா வியாபாரத்தில் ‘என்.எஸ்.சி.’ என்று ஒரு ஏரியா உண்டு. வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு மூன்றின் ஆங்கில முதலெழுத்துகள். ஆற்காடு மாவட்டங்கள் பிரிந்து பேர் மாறிப் பல வருஷம் ஆயிற்று. செங்கல்பட்டு என்ற மாவட்டம் 2019இல்தான் திரும்பி வந்தது. விநியோகக் கணக்கில் மட்டும் பழைய வரைபடம் அழியவே இல்லை. அந்த ஏரியாவுக்கு ஒரு படத்தை வாங்குகிறவர், படம் யார் கண்ணிலும் படுவதற்கு முன்னால் விலை பேச வேண்டும். செட்டின் உயரம், செலவு, நட்சத்திரம் எல்லாவற்றையும் போஸ்டரில் போடலாம், டீசரில் காட்டலாம். ஆக்கத்தை அப்படிக் காட்ட முடியாது. உட்கார்ந்து, காத்திருந்து, அந்த நேரம் போன பிறகே அது உண்டாகும். முதல் மூன்று நாள் வசூலை நம்பி நடக்கும் வியாபாரத்தில் இதற்கு விலை வைக்க வழியில்லை.

மகேந்திரனின் ‘உதிரிப்பூக்க’ளில் (1979) கடைசியில் ஊரே கரையில் திரண்டு நிற்க, விஜயன் ஆற்றில் இறங்கிப் போகிறார். யாரும் அடிப்பதில்லை, கூச்சல் இல்லை. படம் முழுக்க அந்த ஊர் பொறுத்துக்கொண்டிருந்ததை நாம் பார்த்திருக்கிறோம், அதனால்தான் அந்த மௌனம் தாங்க முடியாததாகிறது. அந்தத் தண்ணீரை மட்டும் ஒரு போஸ்டரில் போட்டு, என்.எஸ்.சி.யில் எத்தனை தியேட்டர் கேட்பது?