செப்புத் தகட்டில் ஒரு முகம்

ஓவியம் ஒரு மாளிகையின் சுவரில் தங்கிவிடும். அச்சுப்படமோ ஊர்தோறும் செல்லும். புகைப்படக் கருவி தோன்றாத காலத்தில் சான்றோரின் முகங்களை ஐரோப்பாவெங்கும் கொண்டு சேர்த்தவை செப்புத் தகட்டு அச்சுப்படங்களே. அவற்றுள், ஓவியர் ஒருவர் தம் முகத்தைத் தாமே தகட்டில் கீறிய படம் ஒன்றை ஈண்டுக் காண்போம்.

அவ்வோவியர் ஆண்டனி வான் டைக் (1599-1641). இன்றைய பெல்ஜியத்தைச் சேர்ந்த ஆண்ட்வெர்ப் நகரில் பிறந்தவர்; ரூபன்ஸின் ஓவியக்கூடத்தில் பணியாற்றியவர்; 1632இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸின் அரசவை ஓவியரானவர். தம் காலத்துப் பெருமக்களின் உருவங்களை 'ஐக்கனோகிராஃபி' எனப்படும் அச்சுப்பட வரிசையாக்க அவர் முனைந்தார். மார்ட்டின் வான் டென் எண்டன் வெளியிட்ட 80 படங்களுள் அரசரும் படைத்தலைவரும் 16 பேர். அரசியலாரும் அறிஞரும் 12 பேர். எஞ்சிய 52 பேரும் கலைஞரும் கலை ஆர்வலருமே. தூரிகை பிடித்த கையைச் செங்கோல் பிடித்த கையோடு ஒரே வரிசையில் வைத்த துணிவு இதில் புலனாகின்றது.

இவ்வரிசையில் இருவகைத் தொழில்முறைகள் உண்டு. ஒன்று, கூரிய உளியால் செம்பை நேரே செதுக்குவது. மற்றொன்று, தகட்டின்மீது மெழுகுப் பூச்சிட்டு, ஊசியால் கீறி, அமிலத்தில் இடுவது. கீறிய இடத்தைமட்டும் அமிலம் அரிக்கும். பின்னர்ப் பள்ளங்களில் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத்தாளை வைத்து உருளைகளுக்கிடையே அழுத்தினால் படம் இடவலம் மாறிப் பதியும்.

வான் டைக் தம் முகத்தைக் கீறியது இரண்டாம் முறையில். தோளுக்குமேல் திரும்பி நம்மை நோக்கும் தலை. சுற்றிலும் பெரும்பகுதி வெற்றுத்தாள். அவர் மறைந்தபின் தகடுகள் கில்லிஸ் ஹென்ட்ரிக்ஸ் என்னும் பதிப்பாளரிடம் சேர்ந்தன. 1645இல் அவர் 100 படங்களாக வெளியிட்டபொழுது, யாக்கோப் நேஃப்ஸ் என்னும் செதுக்குநர் அத்தலைக்கு மார்பும் பீடமும் சேர்த்தார். பீடத்தில் நூற்பெயர் பொறிக்கப்பட்டது. இவ்வாறு தகட்டில் தனித்திருந்த முகம் ஒரு நூலின் முகப்பாயிற்று.

தகட்டின் ஒவ்வொரு மாற்றத்தையும் அச்சுக்கலையார் 'நிலை' என்பர். தலைமட்டும் உள்ள முதல் நிலைப் படிகளையும், பீடத்தோடு கூடிய பிற்நிலைப் படிகளையும் அருகருகே வைத்து நோக்கினால் ஆசிரியரின் கை எங்கே நின்றது, பிறர் கை எங்கே தொடங்கியது என்பது விளங்கும். அழகுபடுத்தல் குற்றமன்று, ஆயினும் முதல் நிலை காக்கப்படாதிருந்தால் பீடத்தையும் வான் டைக்கின் கைவண்ணமென்றே நாம் மயங்கியிருப்போம்.

இத்தகைய படங்களின் அடியில் இலத்தீன் மொழியில் 'பிங்க்சிட்' என்றிருந்தால் வரைந்தவர், 'ஸ்கல்ப்சிட்' என்றிருந்தால் செதுக்கியவர், 'எக்ஸ்கூடிட்' என்றிருந்தால் வெளியிட்டவர். பாயிரத்தில் ஆக்கியோன் பெயர் கூறுதல் வேண்டுமென விதித்த தமிழ் மரபில் வந்த நமக்கு இவ்வொழுங்கு புதிதன்று. பாடவேறுபாடு காட்டிப் பதிப்பவர் செய்வதும், காட்சியகத்தார் நிலைகளைப் பேணுவதும் ஒரே அறமே. ஒப்படைப்புக் கட்டுரை எழுதும் மாணவரும் நூல் பதிப்பிக்கும் ஆசிரியரும், எது மூலவர் சொல், எது தம் சேர்க்கை என்பதைப் பிரித்துக் காட்டுவாராக. பிறர் உழைப்பின்மீது நம் பெயரை எழுதாதிருப்பதே கல்வியின் முதல் நாணயம் என்பது நம் துணிபு.