"பொட்டு வைக்கலாமா, கூடாதா?" - அன்னூர்க்காரரை விழுங்கிய சயாம் மரண ரயிலும், 80 ஆண்டுகளாகத் தீராத கேள்வியும்!

1984-ம் ஆண்டு. கோவை மாவட்டம் அன்னூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். 60 வயதைத் தாண்டிய பெண்மணி ஒருவர் இறந்துபோனார். பிள்ளைகள் கிடையாது. கொழுந்தனார் வீட்டிலேயே வாழ்ந்து முடித்தவர். உடலைக் குளிப்பாட்டிக் கிடத்திய பிறகுதான் பிரச்னை ஆரம்பித்தது.

"பொட்டு வைக்கப் போனப்போ ஒரு அம்மா தடுத்துட்டாங்க. 'புருசன் போனவளுக்குப் பொட்டு எதுக்கு'ன்னாங்க. இன்னொருத்தரு, 'அவரு போனதை நீ கண்ணுல பாத்தியா'ன்னு கேட்டுப்போட்டாங்க. சாயங்காலம் வரைக்கும் இதே பேச்சுதானுங்க. கடைசியில எங்க அப்பாருதான், 'அவ சாகுற வரைக்கும் வெச்சிருந்தா, வெச்சே அனுப்புங்க'ன்னு சொன்னாரு" என்கிறார், இறந்தவரை 'சின்னாத்தா' என்று கூப்பிட்டு வளர்ந்த 82 வயதுப் பாட்டி. குடும்பப் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள்.

சின்னாத்தாளின் கணவர் 1937-ல் மலாயா ரப்பர் தோட்டத்துக்குப் போனவர். கிணறு வற்றிய வருஷம், கடன் கழுத்தை நெரிக்க, கண்காணி ஒருவர் பேச்சை நம்பி நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினார். மாதம் தவறினாலும் கடிதம் தவறாது. 1941 தீபாவளிக்குப் பணமும் வந்தது. அதற்குப் பிறகு எதுவுமே வரவில்லை. 1946-ல் அதே தோட்டத்திலிருந்து ஊர் திரும்பிய அவிநாசிப் பக்கத்துக்காரர் ஒருவர் வீடு தேடி வந்து ஒரே ஒரு தகவல் சொன்னார்: "சயாமுக்கு ரயிலேத்திக் கொண்டுபோனாங்க. நான் கண்டது அவ்வளவுதான்."

ரயிலேற்றியது யார், எதற்காக?

துப்பாக்கிக்குப் பயந்த நாடாளுமன்றம்

ஃபாசிசம் என்றதும் ஹிட்லரும் முசோலினியும் நினைவுக்கு வருவார்கள். அந்தக் கூட்டணியின் மூன்றாவது கூட்டாளிதான் தமிழர்களை நேரடியாகத் தொட்டது. அது ஜப்பான். 1930-களின் ஜப்பானை ஃபாசிசம் என்பதா, ராணுவ சர்வாதிகாரம் என்பதா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதம் செய்கிறார்கள். அங்கே தனி ஒரு ஹிட்லர் இல்லை. பேரரசர் இருந்தார், நாடாளுமன்றம் இருந்தது, தேர்தலும் நடந்தது. ஆனால் பட்டாளம் சொன்னதைத்தான் எல்லோரும் கேட்க வேண்டியிருந்தது. அடிபட்டவர்களுக்குப் பெயரில் பெரிய வித்தியாசம் தெரிந்திருக்காது.

1925-லேயே அமைதிப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று வந்தது. யாரை வேண்டுமானாலும் 'ஆபத்தான சிந்தனை' என்று சொல்லி உள்ளே தள்ளலாம். அதற்கென்றே தனிப் போலீஸ். 1931 செப்டம்பர் 18-ம் தேதி, மஞ்சூரியாவில் தங்கள் கட்டுப்பாட்டிலிருந்த ரயில் பாதையில் ஜப்பானிய ராணுவ அதிகாரிகளே குண்டு வைத்துவிட்டு, பழியைச் சீனர்கள் மேல் போட்டார்கள். அதையே சாக்காக வைத்து மஞ்சூரியா முழுவதையும் பிடித்தார்கள். டோக்கியோ அரசால் அவர்களைத் தடுக்க முடியவில்லை.

அடுத்த வருஷம் மே 15 அன்று பிரதமர் இனுகாய் சுயோஷியை அவர் வீட்டிலேயே இளம் கடற்படை அதிகாரிகள் சுட்டுக்கொன்றார்கள். அதைவிட அதிர்ச்சி, விசாரணையின்போது கொலையாளிகளுக்குக் கருணை காட்டச் சொல்லி மக்களிடமிருந்து மனுக்கள் குவிந்தன. 'தேசபக்தி மிகுதியில் செய்துவிட்டார்கள்' என்ற அனுதாபம். தண்டனை லேசாகவே முடிந்தது. 1936 பிப்ரவரியில் சுமார் 1,400 வீரர்கள் தலைநகரையே முற்றுகையிட்டு, நிதியமைச்சர் தகாஹாஷி கொரேகியோ உள்ளிட்டோரைக் கொன்றார்கள். அந்தக் கலகம் அடக்கப்பட்டது. ஆனால், பட்டாளத்தை எதிர்த்துப் பேசும் தைரியம் அதன் பிறகு எந்த அமைச்சருக்கும் வரவில்லை.

1937-ல் சீனா மீது முழுப் போர். டிசம்பரில் நான்ஜிங் நகரில் நடந்த படுகொலையும் பாலியல் வன்முறையும் உலகையே உலுக்கின. 1940-ல் ஜெர்மனி, இத்தாலியுடன் ஒப்பந்தம். அதே ஆண்டில் கட்சிகள் எல்லாம் தாமாகவே கலைந்து ஒரே அமைப்புக்குள் போய்ச் சேர்ந்தன. 1941 அக்டோபரில் ஜெனரல் டோஜோ பிரதமரானார், ராணுவ அமைச்சர் பதவியையும் தானே வைத்துக்கொண்டு.

இரண்டே மாதத்தில், டிசம்பர் 8-ம் தேதி, ஜப்பானியப் படை மலாயாவின் கோத்தாபாருவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் சரணடைந்தது. வெள்ளைக்கார துரைகள் தோட்டங்களை விட்டு ஓடினார்கள். அன்னூர்க்காரர் உட்பட தோட்டத் தொழிலாளர்கள் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள்.

நாளுக்கு ஒரு வெள்ளி!

ரப்பர் வாங்க ஆளில்லை. அரிசி வரத்தும் நின்றது. மரவள்ளிக் கிழங்கே தினசரிச் சாப்பாடு. அந்த நேரத்தில்தான், 'சயாமில் ரயில் ரோடு போட ஆள் வேண்டும். நாளுக்கு ஒரு வெள்ளி கூலி, சாப்பாடு, தங்க இடம், சில மாதங்களில் திரும்பி வந்துவிடலாம்' என்ற அறிவிப்பு வந்தது. முதலில் போனவர்கள் நம்பித்தான் போனார்கள். சிலர் மனைவி, குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு போனார்கள். போனவர்களிடமிருந்து தகவலே இல்லை என்று தெரிந்ததும் ஆட்கள் ஒளிய ஆரம்பித்தார்கள். அதற்குப் பிறகு பிடித்துப் போவதுதான். இலவச சினிமா என்று கூட்டம் சேர்த்து, கதவைச் சாத்தி லாரியில் ஏற்றியதாக உயிர் தப்பியவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

ஜப்பானுக்கு ஏன் இந்த ரயில்? பர்மாவைப் பிடித்தாயிற்று. அங்கிருக்கும் படைக்கு ஆயுதமும் உணவும் போக வேண்டும். கடல் வழியில் நேச நாடுகளின் நீர்மூழ்கிக் கப்பல்கள். எனவே சயாமின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியுசயாத் வரை 415 கி.மீ. மலை, காடு, ஆறு எல்லாவற்றையும் கடந்து ஒரு பாதை. கோவையிலிருந்து சென்னைக்குப் போகும் தூரத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல். ஆங்கிலேயர்கள் முன்பே ஆய்வு செய்து, 'இது ஆகாத வேலை' என்று கைவிட்ட பாதை அது. 1942-ல் தொடங்கி 1943 அக்டோபர் 17-ல் இரு முனைகளையும் இணைத்துவிட்டார்கள். கடப்பாரை, மண்வெட்டி, கூடை, மனிதர்கள். பெரும்பகுதி இவற்றை வைத்துத்தான்.

அடைத்த சரக்குப் பெட்டிகளில் நாள்கணக்கில் பயணம். அங்கிருந்து முகாமுக்கு மழையில், சேற்றில் நடை. 1943-ன் நடுவில் வேலையை வேகப்படுத்தச் சொல்லி உத்தரவு வர, இரவிலும் தீப்பந்த வெளிச்சத்தில் பாறை உடைத்தார்கள். அதே மழைக்காலத்தில் காலரா புகுந்தது. மலேரியாவும் காலில் புரையோடும் புண்ணும் ஏற்கெனவே இருந்தன.

இந்த இடத்தில் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் போர்க் கைதிகள் 60,000-க்கும் மேற்பட்டோர் அதே பாதையில் வேலை செய்தார்கள். சுமார் 12,000 பேர் இறந்தார்கள். கொடுமை அவர்களுக்கும் குறையவில்லை. ஆனால் அவர்களோடு அவர்களுடைய அதிகாரிகள் இருந்தார்கள், டாக்டர்கள் இருந்தார்கள், தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்ல ஆள் இருந்தது. இறந்தவர் பெயரை ரகசியமாகவாவது எழுதி வைத்தார்கள். தமிழ்த் தொழிலாளர்களுக்கு இதில் ஒன்றுமே கிடையாது. முகாமில் ஒருவருக்குக் காலரா வந்தால் சில நாள்களில் முகாமே காலி. மூச்சு இருக்கும்போதே குழிக்குள் தள்ளிய சம்பவங்களும் பதிவாகியிருக்கின்றன.

தமிழர், பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர் என ஆசியத் தொழிலாளர்கள் மொத்தம் 1,80,000-க்கும் மேல். அதில் சுமார் 90,000 பேர் இறந்திருக்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. மலாயாவிலிருந்து மட்டும் 75,000 பேருக்கு மேல் கொண்டு போகப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள்.

பேசாமல் விட்ட கதை

இவ்வளவு பெரிய சாவு நம் ஊர்ப் பேச்சில் ஏன் இல்லை? நேதாஜி ஒரு காரணம். அது கொஞ்சம் சங்கடமான காரணமும்கூட. 1943 ஜூலையில் சிங்கப்பூர் வந்த சுபாஷ் சந்திர போஸின் படைக்கு ஜப்பான் துணை நின்றது. மலாயாத் தமிழ் இளைஞர்களும் பெண்களும் ஆயிரக்கணக்கில் அதில் சேர்ந்தார்கள். ஐ.என்.ஏ-வில் சேர்ந்தால் சயாமுக்குப் பிடித்துப் போக மாட்டார்கள் என்பதற்காகச் சேர்ந்தவர்களும் உண்டு. வெள்ளையனை எதிர்த்த கூட்டாளி என்ற பிம்பத்தின் பக்கத்தில், தமிழனைக் காட்டில் சாகவிட்டவன் என்ற பிம்பத்தை வைத்துப் பார்ப்பது சுதந்திர இந்தியாவுக்குச் சுலபமாக இல்லை. அந்தமானில் 1944 ஜனவரி 30-ம் தேதி, ஒற்றர்கள் என்று குற்றம் சாட்டி 44 இந்தியர்களை ஜப்பானியப் படை சுட்டுக்கொன்றதையும் நாம் அதிகம் பேசுவதில்லை.

உலகத்துக்கு இந்த ரயிலை அறிமுகப்படுத்தியது 1957-ல் வந்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படம். ஆஸ்கர்களை அள்ளியது. படப்பிடிப்பு நடந்தது இலங்கையின் கித்துல்கலவில். கதையில் வெள்ளைக்காரக் கைதிகள்தான் எல்லாமே. தமிழர்களுக்கு இடமே இல்லை. தமிழில் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' ஆகிய மலேசிய நாவல்கள்தான் இந்தக் கதையைக் காப்பாற்றி வைத்திருக்கின்றன.

போருக்குப் பிறகு விசாரணைகள் நடந்தன. டோஜோ 1948 டிசம்பர் 23-ல் தூக்கிலிடப்பட்டார். 1967-ல் ஜப்பான் மலேசியாவுடன் செய்துகொண்ட ஒப்பந்தப்படி போர்க்கால இழப்புக்காக இரண்டு சரக்குக் கப்பல்களைக் கொடுத்தது. தோட்டத்து லயத்தில் கணவனுக்காகக் காத்திருந்தவர்களுக்குக் கப்பலால் என்ன பிரயோஜனம்?

பட்டியலில் இல்லாத பெயர்

தாய்லாந்தின் காஞ்சனபுரிக்கு இன்று சுற்றுலா போகிறவர்கள் பாலத்தில் நின்று செல்ஃபி எடுக்கலாம். பக்கத்திலேயே போர்க் கைதிகளின் கல்லறைத் தோட்டம். கிட்டத்தட்ட 7,000 கல்லறைகள், வெட்டிவிட்ட புல்வெளி, பெரும்பாலான கல்லில் பெயரும் வயதும். 1990-ல் அதே ஊரின் கரும்புக் காட்டில் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் வெளியே வந்தன. அவை ஆசியத் தொழிலாளர்களுடையவை என்று கருதப்படுகிறது. எதற்கும் பெயர் கிடையாது. மலேசியத் தமிழர்களும் தாய்லாந்துத் தமிழர்களும் பல ஆண்டுகள் முயன்று, 2023-ல் அங்குள்ள பௌத்தக் கோயில் வளாகத்தில் தமிழர்களுக்காக ஒரு நடுகல் வைத்தார்கள்.

அன்னூர்ப் பாட்டியின் பேத்தி கோவையில் ஐ.டி வேலையில் இருக்கிறார். நடுகல் செய்தி வாட்ஸ்அப்பில் வந்த அன்று, போரில் இறந்தவர்களின் பெயரைத் தேடும் இணையதளத்தில் தாத்தாவின் தம்பி பெயரை நாலைந்து விதமாக எழுத்துக்கூட்டித் தேடிப் பார்த்தாராம். "அது சிப்பாய்களுக்கான பட்டியல்னு அப்புறம்தான் புரிஞ்சுது. இவருக்கு எந்தப் பட்டியலும் இல்ல" என்கிறார்.

இறந்த நாள் தெரியாததால் திதியும் கிடையாது. ஆடி அமாவாசைக்குப் பவானி கூடுதுறைக்குப் போகும்போது, பாட்டியின் அப்பா தன் முன்னோர் பெயரையெல்லாம் சொல்வார், தம்பி பெயரை மட்டும் சொல்ல மாட்டாராம். சொன்னால் செத்துப்போனதாக ஆகிவிடும், அண்ணி முறை கேட்பவர்கள் வீட்டில் அந்தப் பொட்டுக்குப் பதில் சொல்ல முடியாது என்று நினைத்திருக்கலாம். சின்னாத்தா போன அடுத்த ஆடியில்தான் முதன்முறையாகச் சொன்னார்.

குடும்பத்தில் யாரும் இதுவரை வெளிநாடு போனதில்லை. பேத்தி இப்போது பாட்டிக்கு பாஸ்போர்ட் விண்ணப்பம் போட்டிருக்கிறார். பாட்டி சின்னாத்தாளின் குங்குமச் சிமிழை டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறார். "இதைக் கொண்டுபோக உடுவாங்களான்னு மட்டும் கேட்டுச் சொல்லு சாமி" என்று பேத்தியிடம் நச்சரித்துக்கொண்டிருக்கிறார்.