ஊரை விட்டுப் பெயர்ந்த அணி

விளையாட்டு அணிகள் இருவகைப்படும். ஓர் ஊராரோ ஒரு கல்லூரியாரோ தம்முள் ஒன்றுகூடி அமைத்துக்கொள்வது ஒருவகை. பொருளுடையார் ஒருவர் ஒரு பெருந்தொடரில் ஆடும் உரிமையை விலைகொடுத்து வாங்கி, ஓர் ஊரின் பெயரை அதற்குச் சூட்டி நடத்துவது மற்றொரு வகை. முன்னையது ஊரில் முளைத்தது. பின்னையது ஊரிற் கொண்டுவந்து நடப்பட்டது. களத்தில் ஆடும்போது இவ்விரண்டிற்கும் வேறுபாடு தோன்றாது. நட்டம் வந்து நெருக்கும்போதே அது வெளிப்படும். பின்னைய வகையைச் சேர்ந்த ஓர் அணி தன் ஊரிற் கழித்த இறுதிப் பருவத்தைக் கொண்டு இவ்வேறுபாட்டை ஈண்டு விளக்க முயல்வோம்.

இந்தியாவில் 2014ஆம் ஆண்டு 'இந்தியன் சூப்பர் லீக்' என்னும் உதைபந்தாட்டத் தொடர் எட்டு அணிகளுடன் தொடங்கிற்று. தலைநகரின் பெயரால் அதில் இறங்கிய அணி டெல்லி டைனமோஸ். அதன் தொடக்கம் ஆரவாரமானது. 2006ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தை வென்ற இத்தாலிய அணியில் ஆடிய அலெஸ்ஸாண்ட்ரோ டெல் பியரோ முதலாண்டில் அவ்வணிக்காக ஆடினார். மறு ஆண்டு பிரேசில் நாட்டுப் புகழ்பெற்ற வீரர் ரொபேர்ட்டோ கார்லோஸ் ஆட்டக்காரராகவும் பயிற்றுநராகவும் வந்து சேர்ந்தார். 2015, 2016 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அணி அரையிறுதிவரை சென்றது. ஆதலின், திறமையின்மையால் ஊரை இழந்த அணியென்று இதனைக் கூறுதல் பொருந்தாது.

குறை வேறிடத்தில் இருந்தது. அணியின் தாயகக் களமாகிய ஜவகர்லால் நேரு விளையாட்டரங்கு, 1982ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டு விழாவுக்காகக் கட்டப்பெற்று, 2010ஆம் ஆண்டு பொதுநலவாய விளையாட்டு விழாவுக்காகப் புதுப்பிக்கப்பட்டது. ஏறத்தாழ 60,000 பேர் அமரத்தக்கது. அத்துணைப் பெரிய அரங்கிற் சில ஆயிரம் பேர் அமர்ந்தாலும் அது வெறுமையாகவே காட்சிதரும். களத்தைச் சுற்றி ஓட்டப்பாதை இருத்தலால், ஆடுவோரும் பார்ப்போரும் ஒருவருக்கொருவர் எட்டவே நின்றனர். பார்வையாளர் குறைந்தாலும் அரங்க வாடகை, காவல், விளக்கொளி ஆகியவற்றின் செலவு குறைவதில்லை. அன்றியும், ஐந்து பருவங்களில் ஐந்து தலைமைப் பயிற்றுநர்கள் வந்து போயினர். இன்னதே எம் அணியின் ஆட்டம் என்று இரசிகர் அறிந்து பழகுதற்குக் காலமே வாய்க்கவில்லை. ஊரும் அணியும் ஓடும் புளியம்பழமும் போலாயின.

இறுதிப் பருவமாகிய 2018-19இல் ஸ்பெயின் நாட்டவரான யோசெப் கொம்பாவு பயிற்றுநராக இருந்தார். டிசம்பர் மாதம் வரை அணிக்கு ஒரு வெற்றியேனும் கிட்டவில்லை. பருவ முடிவில் 18 ஆட்டங்களில் 4 வெற்றி, 6 சமநிலை, 8 தோல்வி. 18 புள்ளிகளுடன் பத்து அணிகளுள் எட்டாம் இடம். எனினும் அவ்வணியில் இளையோர் பலர் இருந்தனர். சென்னையைச் சேர்ந்த நந்தகுமார் சேகர், மிசோரம் தந்த லாலியன்சுவாலா சாங்தே ஆகிய இருவரும் அவர்களுட் குறிப்பிடத்தக்கவர்கள். பயிர் துளிர்க்கத் தொடங்கிய வேளையில் நிலம் மாறிற்று.

2019ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாத இறுதியில், அணி புவனேசுவரத்துக்குப் பெயர்ந்து 'ஒடிசா எஃப்.சி.' என்னும் பெயருடன் ஆடும் என்ற அறிவிப்பு வெளியாயிற்று. ஒடிசா அரசு 2018 முதல் இந்திய ஹொக்கி அணிகளுக்கே ஆதரவளித்து வந்த அரசு. கலிங்கா விளையாட்டரங்கைச் சிறப்புற வளர்த்த அரசு. உரிமையாளரின் கணக்கில் இம்முடிவு பிழையாகாது. நட்டத்தை என்றென்றும் சுமக்குமாறு எவரையும் நாம் கேட்டல் இயலுமோ? புதிய ஊரில் அணி தழைத்ததும் உண்மையே. 2023இல் சூப்பர் கிண்ணத்தை அது வென்றது.

ஆயினும் டெல்லியில் அரங்குக்குத் தவறாது வந்த சிலரை நினைத்துப் பார்த்தல் வேண்டும். தாம் காண்பது இறுதிப் பருவம் என்பதை அவர்கள் அறியார். பருவம் முடிந்து மாதங்கள் சென்ற பின்னரே செய்தி வந்தது. விடைகொடுக்கவும் வாய்ப்பில்லாது போயிற்று.

கனடாவில் வாழும் எம் பழைய மாணவர்க்குப் பனிக்கட்டி ஹொக்கி புதிதன்று. அவ்விளையாட்டிலும் இத்தகைய பெயர்ச்சிகள் பல. கியூபெக் நகரின் அணி 1995இல் அமெரிக்காவின் கொலராடோவுக்குப் பெயர்ந்து, மறு ஆண்டே ஸ்ரான்லி கிண்ணத்தை வென்றது. கியூபெக் மக்கள் நீரூற்றி வளர்த்த மரம் பிறர் முற்றத்திற் காய்த்தது. ஐக்கிய அமெரிக்காவின் ஹார்ட்போர்ட் நகர வேலர்ஸ் அணி, 1997ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் தான் பெயரவிருப்பதை அறிவித்தது. ஏப்ரல் 13ஆம் திகதி தன் இறுதி ஆட்டத்தை வென்று விடைபெற்றது. ஹார்ட்போர்ட் மக்கள் கண்ணீருடனேனும் வழியனுப்பினர். டெல்லி மக்களுக்கு அதுவும் கிட்டவில்லை.

இலண்டன் மாநகரின் விம்பிள்டன் அணியார் செய்தது இன்னுஞ் சிறப்புடையது. தம் உதைபந்தாட்டக் கழகம் மில்டன் கீன்ஸ் நகருக்குச் செல்ல 2002இல் அனுமதி கிடைத்ததும், இரசிகர்கள் தாமே புதுக்கழகம் ஒன்றை நிறுவினர். அடிநிலைத் தொடரிலிருந்து படிப்படியாக உயர்ந்து, 2020இல் தம் பழைய களத்தின் அருகே புதிய அரங்கிற் குடிபுகுந்தனர். உரிமையாளர் கொண்டுசெல்லக்கூடியது ஆடும் உரிமையை மட்டுமே. கூடி நிற்கும் மக்களை அன்று.

எம் நாட்டிலும் இரு வகையும் உள. 2020இல் லங்கா பிரீமியர் லீக் கிரிக்கெட் தொடர் தொடங்கியபோது, கொரோனாத் தொற்றுக் காரணமாக ஆட்டங்கள் யாவும் அம்பாந்தோட்டையில் வெற்றரங்கிலேயே நடந்தன. யாழ்ப்பாணத்தின் பெயர் தாங்கிய அணி யாழ்ப்பாண மண்ணில் ஓர் ஆட்டமும் ஆடாமலே கிண்ணத்தை வென்றது. அடுத்த ஆண்டு உரிமையாளர் மாற, அணியின் பெயரும் மாறிற்று. மறுபுறம், 1899இல் தோன்றிய கொழும்புத் தமிழ் யூனியன் கழகத்தை நோக்குக. 1948இல் பிராட்மன் ஆடியதும், 1982இல் இலங்கையின் முதலாவது டெஸ்ட் ஆட்டம் நடந்ததும் அதன் ஓவல் மைதானத்திலேயாம். நூற்றாண்டு கடந்தும் அது நிலைத்திருப்பது உறுப்பினர் கைவிடாமையாலன்றோ?

கல்லூரி அணியும் இவ்வகையினதே. அதனை விற்பாரும் வாங்குவாரும் இலர். ஆயின், எவரும் வாங்க இயலாத அணியும் பார்ப்பாரின்றி வாடக்கூடும். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் பழைய மாணவர் பலருக்குக் களம் நெடுந்தொலைவன்று. வெற்றி பெறும் ஆண்டில் வந்து கைதட்டுவது எளிது; தோற்கும் ஆண்டிலும் எல்லைக்கோட்டருகே வந்து நிற்பீர்களாயின், அதுவே மாணவர்க்கு நீங்கள் அளிக்கும் பெருந்துணையாகும்.