"ஏன்?" என்று கேட்கட்டும்

நிலத்தை விட்டு வந்த எம்மிடம், "எப்ப வீட்டை போறது?" என்று பிள்ளைகள் கேட்கின்றனர். பதில் சொல்ல முடியாத வேதனையில், வேறெதைக் கேட்டாலும் "பேசாமல் இரு" என்று அதட்டிவிடுகின்றோம். கேட்கப் பயந்த பிள்ளை சிந்திக்கவும் தயங்கும்.

வயல் இல்லாவிட்டாலும் நான்கு சிரட்டைகளும் ஒரு பிடி பயறும் போதும். ஒன்றில் உலர்ந்த பயறு. ஒன்றில் ஈரத்துணியில் பயறு. அதை நான்காவது சிரட்டையால் மூடுவோம். இன்னொன்றில் நீரில் மூழ்கிய பயறு. "எது நல்லாய் முளைக்கும்? ஏன் அப்படி நினைக்கிறாய்?" என்று கேட்போம். விடையை நாம் சொல்லக்கூடாது.

"வெயில் படாதது முளைக்காது" என்று பிள்ளை கூறலாம். துணி காயாமல் பார்த்துக்கொண்டால், இரண்டு மூன்று நாட்களில் மூடிய சிரட்டைக்குள் முளை நீண்டிருக்கும். மூழ்கியது போதிய காற்றின்றி நாளடைவில் அழுகும். தன் எண்ணம் பிழைத்ததைப் பிள்ளை தானே காணும். அப்போது சிரிக்காமல், "இப்ப என்ன நினைக்கிறாய்?" என்று கேட்போம்.

ஒன்றை மட்டும் சோதிக்க விடலாகாது: நிலத்தில் கிடக்கும் இனந்தெரியாத பொருள். "தொடாதே" என்பதோடு, அது வெடிக்கக்கூடும் என்ற காரணத்தையும் சொல்வோம். காரணம் அறிந்த பிள்ளை, நாம் அருகில் இல்லாதபோதும் யோசித்து நடக்கும்.