வெளிச்சம் வரட்டும், காத்திரு!

டூர் போனால் பஸ்ஸை விட்டு இறங்கியதும் உச்சி வெயிலில் 'க்ளிக்' செய்கிறோம். வீட்டுக்கு வந்து பார்த்தால் மலை தட்டையாகத் தெரியும். தப்பு கேமராவில் இல்லை, நேரத்தில்!

நண்பகலில் வெளிச்சம் தலைக்கு மேலிருந்து விழுவதால் மேடு பள்ளத்தின் நிழல் சுருங்கிவிடும். மாலையில் பக்கவாட்டில் விழும், நிழல் நீளும், பாறையின் சொரசொரப்புகூடத் தெரியும். தாழ்ந்த சூரியனின் ஒளி அதிகக் காற்றைக் கடந்து வருகிறது. வழியில் நீலம் சிதறிப்போக, பொன்னிறம் மிஞ்சுகிறது.

பூமி 4 நிமிடத்துக்கு 1 டிகிரி சுழல்கிறது. நம்ம ஊரில் சூரியன் ஏறக்குறையச் செங்குத்தாக இறங்குவதால் கடைசி 6 டிகிரிக்குச் சுமார் 25 நிமிடம்தான்! லண்டனில் சாய்வாக இறங்கும். இன்னும் கொஞ்ச நேரம் கிடைக்கும். அதனால நாம ஒரு மணி நேரம் முன்பே போய், இடம் பார்த்து உட்காரணும். சூரியன் மறைந்ததும் கிளம்பிடாதீங்க. மேகம் சிவப்பது அப்புறம்தான்.

"சும்மா உட்கார்ந்திருக்கியே" என்பார்கள். எங்க வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். வேலைக்குப் போகாம மூணு வருஷம் படிக்கிறதும் அவர்களுக்கு அப்படித்தான் தெரிகிறது. தயாராகக் காத்திருப்பதும் ஒரு வேலைதான், நண்பர்களே!

- இறுதியாண்டு, சிவில் பிரிவு