உற்பத்தியாளர் நிறுவன இயக்குநர்களும் டிஜிட்டல் கையொப்பமும்

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரக் கரிசல் மானாவாரி நிலங்களில் உளுந்து, பாசிப்பயறு, மக்காச்சோளம், பருத்தி பயிரிடும் சிறு விவசாயிகள் பலர், இன்று உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களில் பங்குதாரர்களாக உள்ளனர். அவர்களுள் சிலர் இயக்குநர்களாகவும் பொறுப்பேற்றுள்ளனர். இயக்குநரானவுடன் கைக்கு வரும் பொருள்களுள் ஒன்று, சுண்டுவிரல் அளவேயுள்ள 'டோக்கன்'. "அது எங்கே?" என்று பயிற்சிக்கு வருவோரிடம் கேட்டால், "ஆடிட்டரிடம் இருக்கிறது" என்னும் விடையே பெரும்பாலும் கிடைக்கிறது. பின் எண்ணும் அவரிடமே இருக்கும். இது வெற்றுப் பத்திரத்தில் கையொப்பமிட்டுக் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

டிஜிட்டல் கையொப்பம் என்பது கையெழுத்தின் படம் அன்று. கோப்பு முழுவதிலிருந்தும் கணிப்பொறி ஒரு சுருக்க எண்ணைக் கணக்கிடுகிறது. டோக்கனுக்குள் உள்ள இரகசியத் திறவுகோல் அந்த எண்ணைப் பூட்டுகிறது. பெறுபவர், உங்கள் சான்றிதழிலுள்ள பொதுத் திறவுகோலால் அதனைச் சரிபார்க்கிறார். 100 குவிண்டால் உளுந்து விற்கத் தீர்மானித்ததை யாரேனும் பின்னர் 150 என்று திருத்தினால் சுருக்க எண் மாறிவிடும். கையொப்பம் செல்லாது என்று கணிப்பொறியே காட்டிவிடும். சான்று விதை மூட்டையின் தையல் பிரிந்திருந்தால் நீல அட்டையை நாம் நம்புவதில்லை அல்லவா? அதுபோன்றதே இது. ஆனால் அட்டைக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. கோப்பில் எழுதியிருப்பது உண்மையா என்பதை இக்கையொப்பம் பார்ப்பதில்லை. படித்துப் பார்த்தபின் ஒப்பமிடுவது உங்கள் வேலை.

தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000, இக்கையொப்பத்திற்கு மையால் இட்ட கையொப்பத்தின் மதிப்பை வழங்குகிறது. மத்திய அரசின் சான்றளிப்பு அதிகாரிகள் கட்டுப்பாட்டாளரிடம் உரிமம் பெற்ற நிறுவனங்களே சான்றிதழ் வழங்கலாம். 2021 ஜனவரி முதல் இரண்டாம் வகுப்புச் சான்றிதழ் வழங்கப்படுவதில்லை. மூன்றாம் வகுப்பையே கேட்டுப் பெறவேண்டும். கணிப்பொறி தானே உருவாக்கித் தரும் சான்றிதழும் உண்டு. அதற்குச் சட்ட மதிப்பில்லை.

அலுவலகக் கணிப்பொறியில் இதனை அமைப்பது கடினமன்று. முதலில் டோக்கனுக்குரிய 'டிரைவர்' மென்பொருளை நிறுவி, பின்னர் டோக்கனைச் செருகவேண்டும். தீர்மானத்தை வேர்டில் தட்டச்சு செய்து, பிழை திருத்தி, சேமித்து முடித்தபின், 'ஃபைல்', 'இன்ஃபோ', 'புரொடெக்ட் டாக்குமென்ட்' வழியாகச் சென்று 'ஆட் எ டிஜிட்டல் சிக்னேச்சர்' என்பதைத் தேர்ந்தெடுக்கவும். உங்கள் பெயருள்ள சான்றிதழ்தானா என்று பார்த்துக்கொண்டு, பின் எண்ணை நீங்களே அழுத்தவும். விலையின்றிக் கிடைக்கும் லிப்ரே ஆபீசில் 'ஃபைல்' பட்டியலிலேயே 'டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்' உள்ளது. ஒப்பமிட்டபின் ஓர் எழுத்தைத் திருத்தினாலும் கையொப்பம் நீங்கிவிடும். ஆகவே எல்லா இயக்குநர்களும் ஒப்புக்கொண்ட இறுதிப்படியிலேயே ஒப்பமிடவும். பின் எண்ணைத் திரும்பத் திரும்பத் தவறாக அழுத்தினால் டோக்கன் பூட்டிக்கொள்ளும் என்பதும் நினைவிருக்கட்டும்.

பிறர் ஒப்பமிட்டு அனுப்பிய பி.டி.எஃப். கோப்பில் கேள்விக்குறி தோன்றினால் அது போலி என்று உடனே முடிவு செய்ய வேண்டாம். இந்திய மூலச் சான்றிதழை அந்தக் கணிப்பொறி இன்னும் நம்பத்தக்கதாக ஏற்கவில்லை என்பதே பெரும்பாலும் காரணம்.

இனி, டோக்கன் ஏன் கைமாறுகிறது என்பதைப் பார்ப்போம். பொதுக்கூட்டம் பெரும்பாலும் செப்டம்பரில் முடிகிறது. பதிவாளருக்குக் கணக்கு அனுப்பவேண்டிய அக்டோபர், நவம்பர் மாதங்களோ நமக்குப் புரட்டாசி, ஐப்பசி விதைப்புக் காலம். ஈரம் காயுமுன் விதைக்கவேண்டியவர் நகருக்கு அலைய விரும்பமாட்டார். அது நியாயமே. ஆயினும் சட்டத்தின் 42-ஆம் பிரிவு, இரகசியத் திறவுகோலைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது சான்றிதழ் பெற்றவரின் கடமை என்கிறது. அது பிறர் கைக்குப் போனதைச் சான்றளித்த நிறுவனத்துக்குத் தெரிவிக்கும் வரை அவரே பொறுப்பாளி. அந்த டோக்கனால் கடன் பத்திரம் ஒன்று ஒப்பமிடப்பட்டிருந்தால், "நான் விதைப்பில் இருந்தேன்" என்று நிறுவுவது எளிதன்று. ஆகவே விதைப்புக்கு முன்பே ஆடிட்டரிடம் ஒரு நாள் குறித்து, எல்லா இயக்குநர்களும் தத்தம் டோக்கனுடன் சென்று வரலாம். ஏற்கெனவே கொடுத்து வைத்திருப்போர் உடனே திரும்பப் பெற்று, பின் எண்ணை மாற்றவும். தொலைந்துவிட்டால் சான்றளித்த நிறுவனத்துக்கு அன்றே தெரிவித்து ரத்து செய்யவும். சான்றிதழ் அதிகபட்சம் 3 ஆண்டுகளே செல்லும். முடியும் தேதியைத் தீர்மானப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் குறித்து வைக்கவும்.